பிள்ளைக்கு முதல் போன் வாங்கும்போது ரீசார்ஜிலிருந்து தொடங்குங்கள்

ஆறாம் வகுப்பு தாண்டியதும் இந்தக் கேள்வி எல்லா வீட்டுக்கும் வந்துவிடுகிறது. பள்ளி முடிந்ததும் டவுன் பஸ், அப்புறம் டியூஷன், வாரத்தில் சில நாள் கராத்தேயோ கபடியோ. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் மாலை நாலரைக்கும் ஏழுக்கும் நடுவே பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மனசு அடித்துக்கொள்கிறது. டியூஷன் இன்றைக்கு இல்லை என்று திடீரென்று சொல்லிவிட்டால், பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போன் கேட்டு வாங்கித்தான் பிள்ளை நமக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு போன் வேண்டும். அதே சமயம் அந்தப் போனோடு சேர்ந்து ரீல்ஸ், ஃப்ரீ ஃபயர், முகம் தெரியாதவர்களின் மெசேஜ் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயமும் நியாயமானதுதான்.

பெரும்பாலானவர்கள் எந்த போன் வாங்கலாம், எந்த ஆப் போட்டுப் பூட்டலாம் என்று தொடங்குகிறார்கள். நான் அதற்கு முன்னாடி ஒரு படி இருக்கிறது என்கிறேன்: எந்த ரீசார்ஜ் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊரில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருப்பது ப்ரீபெய்டு சிம்தான், அதில் என்ன ஓட வேண்டும் என்பது முழுக்க முழுக்க பணம் கட்டுகிறவர் கையில் இருக்கிறது. ஆப்பில் போட்ட பூட்டை எப்படித் திறப்பது என்று வகுப்பில் யாராவது ஒரு பையனுக்குத் தெரிந்திருக்கும், மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிம்மில் டேட்டாவே இல்லை என்றால் எந்தப் பட்டனை அழுத்தியும் அதை வரவழைக்க முடியாது.

சிம் யார் பெயரில் என்பதில் நமக்குத் தேர்வே கிடையாது. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புது சிம் கொடுக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2021-லேயே விதியில் சேர்த்துவிட்டது, அதனால் அப்பா அல்லது அம்மா பெயரில்தான் வாங்க வேண்டும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் ஒன்பது சிம் இருக்கலாம். உங்கள் பெயரில் இப்போது எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போய்ப் பார்க்கலாம். புது சிம் வாங்கப் போகிற சாக்கில் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நமக்குத் தெரியாத எண் ஏதாவது இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். இன்னொன்று, பிள்ளைக்குக் கொடுக்கிற எண்ணை எந்த வங்கிக் கணக்கோடும் இணைக்காதீர்கள். சும்மா கிடக்கிற பழைய சிம்மை எடுத்துக் கொடுக்கும் வீடுகளில்தான் இது நடக்கிறது. அந்த எண்ணுக்கு வங்கி ஓடிபி இன்னும் வந்துகொண்டிருக்கும்.

இப்போது ரீசார்ஜுக்கு வருகிறேன், ஏனென்றால் ஒப்பீட்டில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. ரொம்ப நாளாக நம் ஊரில் பேசுவதற்கு மட்டும் என்று முறையான ரீசார்ஜ் கிடைக்காமல் இருந்தது. எதை எடுத்தாலும் டேட்டாவும் சேர்ந்தே வந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்கு கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள ரீசார்ஜ் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 2025 ஜனவரியில் ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1748 ரூபாய் என்று கொண்டுவந்தது. ஏர்டெல் 84 நாளுக்கு 469, ஒரு வருடத்துக்கு 1849. வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனமும் இதே பக்கத்தில் விலை வைத்தது. எல்லாவற்றிலும் கால் அளவில்லாமல் பேசலாம், எஸ்எம்எஸ் ஓரளவு உண்டு, டேட்டா சுத்தமாகக் கிடையாது. அன்றைய விலை இது, நீங்கள் வாங்கும்போது கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆனால் கணக்கு போடும் விதம் மாறாது: 336 நாளுக்கு 1748 என்றால் 28 நாளுக்கு 146 ரூபாய்க்குள் அடங்குகிறது. இதே ஜியோவில் மொத்தமே இரண்டு ஜிபி டேட்டாவோடு 28 நாளுக்கு வந்த 189 ரூபாய் ரீசார்ஜைப் பன்னிரண்டு முறை போட்டால் 2268 ஆகிவிடும். டேட்டாவை வேண்டாம் என்று சொல்வதில் 520 ரூபாய் மிச்சம்.

ஆனால் இந்த ரீசார்ஜை யாரும் நம் கண்ணில் காட்ட மாட்டார்கள். ஆப்பைத் திறந்ததும் முதல் திரையில் தினம் இரண்டு ஜிபி, அன்லிமிடெட் 5ஜி, கூடவே ஏதாவது ஓடிடி சந்தா என்று பெரிய எழுத்தில் வரிசையாக நிற்கும். வரிசைகளைத் தள்ளிக்கொண்டே போனால் கடைசிப் பக்கம் எங்கேயோ கால் மட்டும் உள்ள ரீசார்ஜ் இருக்கும். கடைக்குப் போனாலும் அப்படித்தான். "டேட்டா இல்லாததா, அது பெரியவங்களுக்கு சார்" என்று சொல்லி 299-ஐயோ 349-ஐயோ போட்டுவிடப் பார்ப்பார்கள். தொகையைச் சொல்லியே கேளுங்கள்: கால் மட்டும், 84 நாள், இந்த விலை. பிள்ளைக்கான எண்ணாக இருந்தால் 84 நாள் ரீசார்ஜே எனக்குப் பிடிக்கிறது, ஒரு பள்ளிப் பருவத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எப்படிப் போகிறது என்று யோசித்து மாற்றிக்கொள்ளலாம். வருட ரீசார்ஜ் போட்டுவிட்டால் நடுவில் மாற்ற மனசு வராது.

எந்த கம்பெனி சிம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பள்ளி வாசல், டியூஷன் இருக்கிற தெரு, பஸ் நிறுத்தம், இந்த மூன்று இடத்திலும் எது எடுக்கிறதோ அது. வீட்டில் வேறு வேறு சிம் வைத்திருப்பவர்களை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தால் தெரிந்துவிடும். பிஎஸ்என்எல் மலிவாகத்தான் இருக்கிறது, உங்கள் பகுதியில் அதன் 4ஜி நன்றாக எடுக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம்.

சரி, போன்.

சாதாரண பட்டன் போனைத்தான் நான் முதலில் வைப்பேன், ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைக்கு. ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் வரும், தரையில் விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் தெறிக்கும், எடுத்து மாட்டினால் மறுபடி ஓடும். தொலைந்துபோனாலும் அழுது முடித்துவிட்டு இன்னொன்று வாங்கலாம். ஸ்பீடு டயலில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் அம்மா, 3-ஐ அழுத்தினால் அப்பா, 4-ல் பாட்டி என்று போட்டுக் கொடுத்துவிட்டால் பதற்றமான நேரத்திலும் விரல் தானாகப் போகும். நம் நாட்டில் 2016-ல் வந்த விதிப்படி பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ நீளமாக அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும், 112-க்கு. வாங்கும்போது அந்த போனில் இது எந்தப் பட்டன், வேலை செய்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், அந்தப் பட்டனில் வேறு ஸ்பீடு டயல் வைக்காதீர்கள்.

பட்டன் போனில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கடையில் மலிவாக அடுக்கி வைத்திருப்பதில் நிறைய 2ஜி போன்கள். ஜியோ 2016-ல் தொடங்கியபோதே 4ஜியாகத்தான் தொடங்கியது, அவர்களுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. ஆகவே ஜியோ சிம்மைப் போட்டால் 2ஜி போனில் ஒரு கட்டை கூட எடுக்காது. ஜியோ சிம் என்றால் 4ஜி வோல்ட்இ (4G VoLTE) என்று பெட்டியில் போட்டிருக்கிற பட்டன் போன்தான் வாங்க வேண்டும். ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்கள் 2ஜி போனில் ஓடும், ஆனாலும் இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர் 4ஜி போனாகவே வாங்குவது நல்லது, குரல் தெளிவாக இருக்கும், இன்னும் சில வருடம் கவலையில்லாமல் ஓடும்.

இரண்டாவது விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. பட்டன் இருந்தால் இன்டர்நெட் இருக்காது என்று நினைத்துக்கொண்டு வாங்கிவிடுகிறோம். 2024-ல் வந்த நோக்கியா 220 4ஜி, 235 4ஜி இரண்டையும் பாருங்கள், பார்த்தால் அப்பாவி பட்டன் போன், உள்ளே யூடியூப் ஷார்ட்ஸ் வரைக்கும் ஓடும், யூபிஐயும் உண்டு. ஜியோபோன் ப்ரைமாவில் வாட்ஸ்அப், யூடியூப் இரண்டும் இருக்கின்றன. சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஷார்ட்ஸ் பார்ப்பது டச் போனில் பார்ப்பதைவிட மோசம், அதிலும் இந்த போன்களில் ஆண்ட்ராய்டில் உள்ள மாதிரி பெற்றோர் பூட்டு எதுவும் போட வழியில்லை. ஆகவே 4ஜி பட்டன் போன் வாங்குகிறவர்கள் கால் மட்டும் உள்ள ரீசார்ஜோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும், வைஃபை இல்லாத மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அதில் ஷார்ட்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஜியோவே விற்கிற ஜியோபாரத் பட்டன் போன் இதற்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் கணக்கு வேறு. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்தது, அதற்கான ரீசார்ஜ் 28 நாளுக்கு 123 ரூபாய், அதில் 14 ஜிபி டேட்டா. விலையைப் பார்த்தால் கால் மட்டும் உள்ள ரீசார்ஜைவிட இது மலிவு, அதனால்தான் கை அங்கே போகிறது. ஜியோ சிம் தவிர வேறு எதுவும் அதில் ஓடாது. பள்ளிப் பக்கம் ஜியோ எடுக்கவில்லை என்றால் போனும் வீண். தினம் அரை ஜிபியில் பெரிதாக ஒன்றும் பார்த்துவிட முடியாது என்று சொல்பவர்கள் உண்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரை ஜிபி என்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் வீடியோ. 2025 அக்டோபரில் பெற்றோருக்கான பாதுகாப்பு வசதிகளோடு, பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்க்கிற வசதியையும் சேர்த்து, 799 ரூபாயிலிருந்து புது ஜியோபாரத் வரிசை ஒன்றை அறிவித்தார்கள். இருப்பிடம் தெரிய வேண்டும், டச் போனும் வேண்டாம் என்கிறவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாம், ஜியோ நன்றாக எடுக்கிற ஊர் என்றால் மட்டும்.

சிம் போடுகிற கைக்கடிகாரம் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு கலர் கலராகக் கிடைக்கிறது, கையிலேயே கட்டியிருப்பதால் தொலையாது, எஸ்ஓஎஸ் பட்டன் உண்டு, எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும், கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலிவான கடிகாரங்களில் பல 2ஜி, ஜியோ வேலை செய்யாது. பேட்டரி மாலை வரைக்கும் வருவதே பாடு. அதைவிட முக்கியம், பிள்ளையின் இருப்பிடமும் குரலும் ஊர்பேர் தெரியாத ஏதோ ஒரு ஆப்பின் சர்வருக்குப் போகின்றன. 2017-ல் நார்வேயின் நுகர்வோர் அமைப்பு இந்த மாதிரிக் கடிகாரங்களைச் சோதித்து, வெளியாள் நுழைந்து பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்க முடிகிறது என்று அம்பலப்படுத்தியது. அதே வருடம் நவம்பரில் ஜெர்மனி, சுற்றி நடப்பதைப் பிள்ளைக்குத் தெரியாமல் ஒட்டுக்கேட்கிற வசதி உள்ள கடிகாரங்களின் விற்பனையையே தடை செய்தது. அந்த ஒட்டுக்கேட்கும் வசதியைப் பெருமையாகப் போட்டு விற்கிற கடிகாரம் இன்றைக்கும் கண்ணில் படுகிறது. வகுப்பில் ஆசிரியர் பேசுவது, பக்கத்துப் பிள்ளை தன் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுவது எல்லாம் நம் காதுக்கு வரும் என்றால் அது பாதுகாப்பு இல்லை, அடுத்தவர் வீட்டுக்குள் தலையை நீட்டுவது. நம் பிள்ளையே வளர்ந்தபிறகு அதை மன்னிக்காது.

அடுத்தது வீட்டில் கிடக்கிற பழைய ஆண்ட்ராய்டு. செலவு இல்லை என்பதால் பாதிப் பேர் இதைத்தான் கொடுக்கிறார்கள், சரியாகச் செய்தால் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைக்கு இதுவே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். சரியாகச் செய்வது என்றால், முதலில் போனை முழுவதும் அழித்து ரீசெட் செய்ய வேண்டும். நம்முடைய கூகுள் கணக்கோடு அப்படியே கொடுத்துவிட்டால் ப்ளே ஸ்டோரில் நம் வயதுக்கு உரிய எல்லாமும் திறந்தே கிடக்கும், நம் படங்கள், நம் மெயில், யூபிஐ ஆப் எல்லாம் பிள்ளை கையில். ரீசெட் செய்தபின் பிள்ளையின் பெயரில், உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்து, கூகுள் கணக்கு ஒன்றை ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் வழியாக உருவாக்குங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் வேலை சுலபமாக முடியும், ஆனால் அந்த ஒரு பொய்யோடு பல பூட்டுகள் கழன்றுவிடும், ஏனென்றால் வயதைப் பார்த்துத்தான் கூகுள் தானாகவே கட்டுப்பாடுகளைப் போடுகிறது.

ஃபேமிலி லிங்க் இலவசம், பெற்றோர் கையில் ஆண்ட்ராய்டு இருந்தாலும் ஐபோன் இருந்தாலும் வேலை செய்யும். எந்த ஆப் இறக்கினாலும் நம் போனுக்கு அனுமதி கேட்டு வரும், ஒவ்வொரு ஆப்புக்கும் இத்தனை நிமிடம் என்று வைக்கலாம், இரவு ஒன்பதுக்குப் பூட்டிக் காலை ஆறரைக்குத் திறக்கும்படி வைக்கலாம், எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். என் மகள் ஒரு நாள் பூட்டு விழுந்தபின் வந்து, "அம்மா, கால் மணி நேரம் மட்டும், நாளைக்கு சயின்ஸ் படம் வரையணும், அதைப் பார்த்துட்டே வரையுறேன்" என்று நின்றாள். கூடுதல் நேரம் கொடுக்கிற பட்டனை அழுத்திப் பதினைந்து நிமிடம் கொடுத்தேன், படம் முடிந்தது, அன்றைக்கான நேரமும் முடிந்தது. பூட்டைக் கழற்றாமல் கொஞ்சம் தளர்த்த முடிகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். தினம் வாக்குவாதம் நடக்கிற வீட்டில் இது பெரிய நிம்மதி.

இதில் ஒரு அமைப்பை மறந்துவிடாதீர்கள். நேரம் முடிந்து போன் பூட்டிக்கொண்டால் பிள்ளை வருகிற அழைப்பை எடுக்கலாம், அவசர எண்ணுக்குக் கூப்பிடலாம், ஆனால் போன் ஆப்பை 'எப்போதும் அனுமதி' என்ற பட்டியலில் நீங்கள் சேர்த்து வைத்தால்தான் தானாக உங்களைக் கூப்பிட முடியும். டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத் தெருவில் நிற்கிற பிள்ளை, இன்றைய நேரம் முடிந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்குக் கூப்பிட முடியாமல் நிற்கக் கூடாது. போன், எஸ்எம்எஸ், வரைபடம், இந்த மூன்றையும் அந்தப் பட்டியலில் போட்டுவிட்டு, ஒருமுறை நீங்களே பூட்டிப் பார்த்துச் சோதித்துவிடுங்கள்.

யூடியூபைத் தனியாகப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ், கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு யூடியூபிலேயே பெற்றோர் மேற்பார்வைக் கணக்கு; அதில் ஒன்பது வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், ஏறக்குறைய எல்லாம் என்று மூன்று நிலை இருக்கிறது. ஆப்பைத் தடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் கவனிக்க: குரோமில் யூடியூப் தளத்தைத் திறந்து பார்த்துவிடலாம், அதையும் தளங்களின் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்புறம் ஃபேமிலி லிங்க் வாட்ஸ்அப்புக்குள் என்ன எழுதுகிறார்கள் என்று காட்டாது. காட்டக் கூடாது என்பதே என் கருத்தும்.

இப்போது நடுவில் ஒரு முடிச்சு விழுகிறது. கால் மட்டும் உள்ள ரீசார்ஜ்தான் நல்லது என்று மேலே சொன்னேன், ஆனால் ஃபேமிலி லிங்க்கில் இருப்பிடம் பார்ப்பதும், தூரத்திலிருந்து பூட்டுவதும் பிள்ளையின் போனில் இன்டர்நெட் இருந்தால்தான் நடக்கும். ஏற்கனவே போட்டு வைத்த நேர வரம்பு டேட்டா இல்லாமலும் வேலை செய்யும், நீங்கள் புதிதாக மாற்றுவதும் இருப்பிடமும்தான் போய்ச் சேராது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பட்டன் போன் என்றால் கால் மட்டும். ஆண்ட்ராய்டு என்றால் கொஞ்சமாக டேட்டா, 28 நாளைக்கு மொத்தமே இரண்டு ஜிபி என்கிற மாதிரி ரீசார்ஜ், ஜியோவில் 189, ஏர்டெலில் 199 என்று இருந்தது. இருப்பிடம் தெரிவதற்கும் பஸ் எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கும் அது தாராளம், வீடியோ பார்க்கத் தொடங்கினால் மூன்றே நாளில் தீர்ந்துவிடும், மீதி நாளெல்லாம் டேட்டா இல்லை என்று பிள்ளைக்கே புரிந்துவிடும். தினம் ஒன்றரை ஜிபி என்கிற ரீசார்ஜை மட்டும் பிள்ளை எண்ணுக்குப் போடவே போடாதீர்கள். அதில் தினமும் நள்ளிரவில் புது ஒன்றரை ஜிபி வந்து நிற்கும், தீர்ந்துபோவது என்ற பாடமே அதில் கிடையாது.

கால் மட்டும் போட்டு ஆண்ட்ராய்டும் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம், வீட்டு வைஃபையில் மட்டும் இன்டர்நெட், வெளியே போனால் கால். நல்ல யோசனைதான், இதைச் செய்கிற வீடுகளும் உண்டு. ஆனால் நண்பனின் ஹாட்ஸ்பாட் இருக்கிறது, பஸ்ஸில் பக்கத்து சீட்டு அண்ணனின் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. அங்கேதான் ஃபேமிலி லிங்க் கைகொடுக்கிறது, எந்த நெட்டில் ஓடினாலும் அதன் வரம்புகள் போனோடு கூடவே போகும். ரீசார்ஜ் வெளி மதில், ஆப் உள் கதவு, ஆண்ட்ராய்டு கொடுப்பவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

ஐபோன் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமாவது ஐபோன் இருந்து, பழையது ஒன்று சும்மா கிடந்தால் கொடுக்கலாம். அதன் ஸ்கிரீன் டைம் வசதி உறுதியானது, யாரோடு பேசலாம் என்பதைக் கூட நேரம் பார்த்துக் கட்டுப்படுத்தலாம், ஆபாசப் படம் வந்தால் மங்கலாக்கி எச்சரிக்கிற வசதி 13 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத் தானாகவே போடப்பட்டிருக்கும். ஆனால் பிள்ளைக்கென்று புதிதாக ஐபோன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பஸ்ஸில் வருகிற பிள்ளையின் பையில் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருள் இருப்பதே அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் கடையோ, *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ எண்ணை (அந்த போனுக்கே உரிய அடையாள எண்) சஞ்சார் சாத்தியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். திருட்டு போன் என்று ஏற்கனவே முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். பெட்டியும் பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள்.

வாட்ஸ்அப்தான் எல்லா வீட்டிலும் கடைசியில் வந்து நிற்கிற சண்டை. அதன் விதிப்படியே 13 வயதுக்கு மேல்தான். பள்ளி குரூப், டியூஷன் குரூப் எல்லாம் வாட்ஸ்அப்பில்தானே வருகிறது என்பார்கள். அவை அம்மாவின் போனிலோ அப்பாவின் போனிலோ இருக்கட்டும், வீட்டுப்பாடம் என்ன என்பதை மாலையில் பார்த்துச் சொல்லப் பத்து நிமிடம் போதும். 13 தாண்டியபின் கொடுத்தால், யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதில் 'என் தொடர்புகள்' என்று மாற்றிவிடுங்கள், ப்ரொஃபைல் படத்தையும் தொடர்புகளுக்கு மட்டும் தெரியும்படி வைத்துவிடுங்கள், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அமைதியாக்குகிற அமைப்பையும் போடுங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு வருகிற தொல்லையில் பெரும்பங்கு தெரியாத ஆட்கள் குரூப்பில் இழுத்துப் போடுவதில்தான் தொடங்குகிறது.

ஒட்டுமொத்தமாக என் தேர்வைக் கேட்டால் இப்படித்தான் செய்வேன். எட்டாவது வரை வைஃபை இல்லாத 4ஜி பட்டன் போன், 84 நாள் கால் மட்டும் ரீசார்ஜ். பல பள்ளிகளில் போன் கொண்டுவரவே கூடாது, அப்படி இருந்தால் பள்ளியில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் போனை டியூஷன் வீட்டிலோ தெரிந்த கடையிலோ கொடுத்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒளித்துக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஒன்பதாவதில் பழைய ஆண்ட்ராய்டு, ஃபேமிலி லிங்க், மாதம் இரண்டு ஜிபி. பதினொன்றாவது வந்தபின் ஒவ்வொரு கட்டுப்பாடாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும், அப்போதும் பூட்டிக்கொண்டே இருந்தால் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரத்தில் எல்லாம் ஒரே நாளில் அவிழ்ந்துவிடும்.

எதைப் போட்டாலும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள். இருப்பிடம் பார்க்கிறோம், எதற்காகப் பார்க்கிறோம், எப்போது பார்ப்போம் என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வேவு பார்க்கிற ஆப்களை மாதம் இத்தனை ரூபாய் என்று விற்கிறார்கள், அவற்றின் பக்கமே போகாதீர்கள். யாராவது மிரட்டினால், ஏதாவது படத்தை அனுப்பச் சொன்னால், அந்தப் பிள்ளை முதலில் ஓடி வர வேண்டியது நம்மிடம். நாமே ஒளிந்திருந்து பார்க்கிறவர்கள் என்று தெரிந்தால் எப்படி வரும்? குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் மோசடிக்கு 1930, இரண்டையும் போனில் பெயர் போட்டு சேமித்துக் கொடுங்கள், எப்போது கூப்பிட வேண்டும் என்று உதாரணத்தோடு சொல்லிக் கொடுங்கள்.

இன்னும் ஒன்று மட்டும். விளம்பர அழைப்புகள் வராமல் இருக்க சிம் வாங்கிய அன்றே 1909-க்குக் கூப்பிட்டு டிஎன்டி பதிவு செய்துவிடுங்கள். கடன் வேண்டுமா என்று கேட்கிற குரல்களை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை எடுத்துப் பேச வேண்டியதில்லை. வேலிடிட்டி முடிகிற தேதியை உங்கள் போனில் மூன்று நாள் முன்னதாக அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த நாளில் வெளியே கூப்பிடுவது நின்றுவிடும், அது பிள்ளை உங்களைக் கூப்பிட நினைக்கிற நாளாக இருக்கலாம். போனை எத்தனை முறை மாற்றினாலும் எண்ணை மாற்றாதீர்கள். பன்னிரண்டாவது முடித்ததும் பொறியியல் கலந்தாய்வு, நீட், உதவித்தொகை என்று எந்த விண்ணப்பம் போட்டாலும் அதற்கு ஒரு எண் கேட்பார்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். 18 முடிந்தபின் அந்த எண்ணைப் பிள்ளையின் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிடலாம், அந்த கம்பெனியின் கடைக்கு இருவரும் ஆதாரோடு போனால் போதும்.